எல்வுட்டின் புதுச் சபை

"எல்லா உசுரும் ஒரே மூதாதை வழியா வந்துச்சாம்! இதைப் பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்ற வெர்னாவைச் சபையை விட்டு நீக்கணும்," அமெரிக்காவின் டென்னசியில் ஒரு பாப்டிஸ்ட் சபையில் மூப்பர் எல்வுட் குதித்தார்.

"எங்கம்மா கல்லறையே இங்கதான் இருக்கு பிரதர். நான் எங்க போவேன்?" என்றாள் வெர்னா டீச்சர்.

"குரங்குக் கூண்டுக்குப் போ!"

ஓட்டெடுப்பில் உயர்ந்த கைகளை எண்ணியபோது வெர்னா தப்பிவிட்டாள். எல்வுட் தன் ஆட்களோடு வெளியேறி, எதிர்ச்சாரியில் இடம் பிடித்து, 'நான்காம் பாப்டிஸ்ட் சபை' என்று பலகை எழுதச் சொன்னார்.

பெயின்டர் கேட்டான்: "மத்த மூணும் எங்க இருக்கு?"

"இதே தெருவுலதான். ஆதியில ஒரே சபை. பியானோ வேணாம்னு ஒண்ணு பிரிஞ்சுது. அதுலேருந்து காப்பி வேணாம்னு இன்னொண்ணு. இப்பப் பாரு, ஒண்ணுக்கொண்ணு சாயலே கிடையாது!"

அவ்வழியே வந்த வெர்னா நின்றாள்.

"பிரதர், திங்கக்கிழமை என் வகுப்புக்கு வர்றீங்களா? இதையே சொன்னாப் போதும்."