வளையம் அறியாத பால்

மருதியின் குழந்தை குடிக்கும் பாலைக் கணக்கெடுக்க ஊட்டச்சத்து மையம் அதன் காலில் மாட்டிவிட்ட வளையம் சிவந்ததும் மலைக்கு ஜீப் ஏறி வந்துவிட்டது.

"தாய்ப்பால் பத்தலைன்னு வளையம் சொல்லுது. மையத்துல வெச்சு பால் பவுடர்தான் குடுக்கணும்" என்றாள் நர்ஸ்.

மருதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வயிறு முட்டக் குடிச்சுட்டுத் தூங்குறா, கண்ணு தெரியலையா? நான் ராகிக் காட்டுக்குக் களையெடுக்கப் போனா நாத்தனா நஞ்சி குடுப்பா. அவ போனா அவ புள்ளைக்கு நான். எங்க ஊருல எல்லாப் புள்ளையும் இப்பிடித்தான் வளருது."

"பெத்தவ பாலைத்தான் வளையம் கணக்குல எடுத்துக்கும்."

"எடை?"

"எடை நல்லாத்தான் இருக்கு. பால் கணக்குதான் உதைக்குது."

"அப்ப அந்த வளையத்துக்கே புட்டிப்பால் குடுங்க. எம் புள்ளைய விடுங்க."

நர்ஸ் தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஜீப் இறங்கிப் போனது.

பொழுது சாயும் முன்பே மருதிக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டது. நஞ்சி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளை பசித்து அழுதது. பழக்கத்தில் மருதி கை நீட்டினாள். நஞ்சி தன் பிள்ளையின் காலிலும் இருந்த வளையத்தைப் பார்த்தாள். அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்து, பிள்ளையைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மருதி அவளைத் திட்டவில்லை. வெளியே போய், ஜீப் டயர் பதிந்த தடத்தில் தன் பாலைப் பீய்ச்சிவிட்டாள்.

"இந்தா, இதையும் உன் கணக்குல ஏத்திக்க."