இடப்பக்கத் துண்டு

"குவபாரா சான், ஒகினோ நுண்ணோக்கியில எடுத்த படத்தைப் பார்த்தீங்களா? புதுசா ஒரு படலமாம்! சென்செய் குதிக்காத குறைதான்" என்றான் உடன் வேலை செய்யும் தகேயாமா.

பார்க்காமல் என்ன? செண்டாய் நகரின் அந்த ஆய்வுக்கூடம் முழுக்க, எல்லோரும் சென்செய் என்றழைக்கும் பேராசிரியர் உட்பட, காலையிலிருந்து அதே பேச்சு. செம்பையும் டைட்டேனியத்தையும் ஒட்டி உலையில் வைத்தால், உருகாமலே ஒன்றின் அணுக்கள் இன்னொன்றுக்குள் ஊர்ந்துபோய், நடுவில் மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கும். வழக்கமாகப் பிறப்பதெல்லாம் தெரிந்த முகங்கள்தான். இதுவரை யாருமே பார்க்காத ஒன்று, நேற்று வந்த ஒகினோவின் துண்டில் பிறந்திருக்கிறது!

குவபாராவுக்கு வயிறு எரிந்தது. வருடக்கணக்காக இந்த உலையைக் கட்டிக்கொண்டு அழுபவள் அவள். மார்ச்சோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. ஏப்ரலில் நிரந்தர வேலை ஒருவருக்குத்தான். அது யாருக்கு என்று இனிக் கேட்கவும் வேண்டுமா?

"சென்செய் மோச்சி வாங்கிட்டு வந்தாரு. உங்களுக்கும் ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன்."

"இனிப்பு எனக்கு ஒத்துக்காது."

"போன வாரம் ஒரு டப்பாவைக் காலி பண்ணீங்களே!"

"வாயை மூடிட்டுச் சாப்பிடப் போறியா?"

தகேயாமா சிரித்துக்கொண்டே போனான். சாப்பாட்டு நேரம், அறையில் வேறு யாரும் இல்லை. மேசைமேல், துண்டுகளை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகப் பதித்துவைத்த கறுப்புப் பிசின் வில்லை இருந்தது. ஒகினோதான் தன் துண்டையும் குவபாரா செய்த துண்டையும் சேர்த்து அதில் பதித்தாள். "என்னோடது இடப்பக்கம், உங்களோடது வலப்பக்கம்" என்று சொல்லியிருந்தாள். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

மதியம் டோக்கியோவிலிருந்து வல்லுநர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். துண்டே இல்லாவிட்டால்? இன்னொன்று செய்ய மாதக்கணக்கில் உலை எரிய வேண்டும். அதற்குள் ஏப்ரல் வந்துவிடும்.

குவபாரா தேய்ப்புச் சக்கரத்தில் முரட்டு உப்புத்தாளை மாட்டினாள். வில்லையைச் சாய்த்துப் பிடித்து, இடப்பக்கத் துண்டு சுவடில்லாமல் போகும்வரை தேய்த்தாள். செம்புத்தூள் தண்ணீரோடு ஓடியது. அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. 'மெருகேத்தலாம்னு எடுத்தேன், கை நழுவிடுச்சு' என்று சொல்லவேண்டிய பொய்யையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. மூச்சிரைக்க வந்த ஒகினோ இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"மன்னிச்சிடுங்க, குவபாரா சான்!"

"எதுக்கு?"

"துண்டுகளை அச்சுல முகம் கவிழ்த்துதானே வெச்சேன்? வில்லையை எடுத்து நிமிர்த்தினா இடம் வலமா மாறிடுமே, அது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை! காலையில எடுத்த அளவையெல்லாம் இப்பதான் பார்த்தேன். அந்தப் படலத்துல வெள்ளி இருக்கு. செம்புல வெள்ளி கலந்தது நீங்க மட்டும்தானே?"

குவபாரா வில்லையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"புதுசைக் கண்டுபிடிச்சது நீங்கதான்! சென்செய்கிட்டயும் சொல்லிட்டேன், ஏப்ரல் வேலை உங்களுக்குத்தான்னுட்டாரு. டோக்கியோக்காரங்க கீழே வந்தாச்சு, சீக்கிரம் அந்த வில்லையைக் குடுங்க!"