ஒற்றை முள்

"அம்மா, மீன் கொழம்பு சாப்டுட்டீங்களா?" மீன்காரி பெரியநாயகி வாசலில் மூச்சிரைக்க நின்றாள். "காலையில குடுத்த பொடிமீன்ல பேத்தைக் குஞ்சு கலந்துடுச்சாம். வெசம்மா அது!"

ழனின் இன்னும் சாப்பிடவில்லை. அவள் கணவர் ழூல் அப்போதுதான் கை கழுவியிருந்தார்.

"முதுகுல கறுப்புப் பட்டை போட்ட மீனா?"

"அதேதான் ஐயா."

"நாலு தின்னேனே!" ழூல் நாற்காலியில் சரிந்தார். "ழனின், உதடு மரத்துப்போவுது."

"ஆஸ்பத்திரிக்கு வண்டி கூட்டியாறேன்" என்று பெரியநாயகி தெருவுக்கு ஓடினாள்.

ழனின் அவர் அருகில் உட்கார்ந்தாள். "என்னங்க, பயப்படாதீங்க. அந்த மீனு..."

"குறுக்க பேசாத, நேரமில்ல." அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தப்போ... அங்க பிரான்சுல, துலோன் ஊர்ல எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. பதினெட்டு வயசாச்சு. மன்னிச்சிடு."

மீனைப் பற்றிச் சொல்ல வந்ததை ழனின் நிறுத்திக்கொண்டாள். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்.  அவள் கேட்டாள்.

"அவ அம்மா?"

"இருக்கா. கடுதாசி போடுவா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. சத்தியமா."

ழனின் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"வண்டி வேணாம்னு சொல்லிட்டு வர்றேன். அது பேத்தை இல்லீங்க, கிளாத்தி. பாக்க அச்சு அசல் பேத்தை மாதிரியே இருக்கும். பேத்தைக்கு முதுகுல முள்ளு கெடையாது. இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒத்த முள்ளு இருந்துச்சு. ஆஞ்சவ நான்தானே?"

வாசற்படியில் ஒரு கணம் நின்றாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."