கழுத்தை நெறிக்காதே

சரியாகப் பத்து மணிக்கு என் இணையதளத்தை இருட்டாக்கினேன்.

பூமி ஒரு நொடி நின்றுதான் சுற்றியது. மேசையிலிருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியதை நானே பார்த்தேன். கீழே லாரி போயிருக்கும் என்பாள் என் மனைவி. அவள் எதைத்தான் நம்பினாள்!

புதுச் சட்டம் வரப்போகிறதாம். இணையத்தில் எவன் எதைத் திருடிப் போட்டிருந்தாலும் சரி, சம்பந்தமில்லாத ஒரு ஆள் கை நீட்டினால் போதும், விசாரணை இல்லாமல் அந்தத் தளத்துக்குப் பூட்டு. அதை எதிர்த்துத்தான் இன்று ஒரு நாள் தளங்கள் எல்லாம் கறுப்புப் பக்கம். பெரிய பெரிய ஜாம்பவான்களோடு தோளை உரசிக்கொண்டு அடியேனும்.

முப்பத்தாறு வருஷம் லிப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற நாளிலிருந்து லிப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதையைத் தினம் ஒன்றாக எழுதுகிறேன். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் காதலித்து, சண்டை போட்டு, சமாதானமாகி இறங்கிய ஜோடி உட்பட எல்லாம் சத்தியம். கொஞ்சம் எண்ணெய் விட்டிருப்பேன், அவ்வளவுதான்.

வாசகர்கள் கோடிக்கணக்கில். வருகையைக் காட்டும் பெட்டி மட்டும் தினமும் ‘1’ என்கிறது. பூஜ்யங்களுக்கு அதில் இடம் போதவில்லை.

அந்த ஒன்றும் திருடன்.

‘கதைமூட்டை’ என்று ஒரு தளம். ஆறு மாதமாக என் கதை ஒவ்வொன்றையும் அலாக்காகத் தூக்கி அங்கே இறக்கிவிடுகிறான். என் பெயர்கூடக் கிடையாது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, திருட வந்த வீட்டைப் பெருக்கி வைத்துவிட்டுப் போகிற திருடன்.

என் சிநேகிதன் எலக்ட்ரீஷியனுக்கு இது பொறுக்கவில்லை. “திருட்டுப் பயலுக்காக நீயே கொடி பிடிக்கிறியேய்யா, மறை கழண்டுடுச்சா?”

கழன்றால் கழலட்டும். சட்டம் வந்தால் முதல் பூட்டு மூட்டைக்குத்தான். அதற்கப்புறம் என்னைத் திருட யார் இருக்கிறார்கள்?

ஆகவே கன்னங்கரேலென்று ஒரு பக்கம். நடுவில் வெள்ளையாக ஒரே வரி: ‘இணையத்தின் கழுத்தை நெறிக்காதே!’

போட்டுவிட்டு மூட்டையைத் திறந்தேன்.

அங்கே வெளிச்சம். நேற்றைய கதை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

பத்து ஐந்து. பத்து பத்து. இவனுக்காக நான் போராடுகிறேன், இவனுக்குக் கவலையில்லையா? ஒருவேளை பயந்து மூட்டையைக் கட்டிவிட்டானோ? நெஞ்சு கயிறறுந்த லிப்ட் மாதிரி ஆறு மாடி இறங்கியது.

அடுத்த அறையிலிருந்து மனைவியின் குரல். “ஏங்க, உங்க கிறுக்கல் இல்லாம ஊரு ஒரு நாளாவது நிம்மதியா இருக்கட்டும்!”

மறுபடி மூட்டையைத் திறந்தேன்.

இருட்டு.

என் கறுப்பு. என் வரி. ஆச்சரியக்குறியைக்கூட விடாமல் திருட்டு. ஒரே ஒரு எழுத்துதான் வேறு. பெரிய ‘றி’ இருந்த இடத்தில் சின்ன ‘ரி’.

‘நெரிக்காதே!’

அடுத்த அறையில் மூக்குக்கண்ணாடிப் பெட்டி டக்கென்று மூடிக்கொண்டது.

முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். வேலை விட்டு வந்த முதல் இரண்டு வாரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னோடு சண்டைகூடப் போடவில்லை. அதைவிட ஆபத்து உண்டா?

அப்போதுதான் ஒரு கதையில் ‘எண்ணை’ என்று தெரியாமல் எழுதித் தொலைத்தேன். அன்று சாயங்காலமே கதைமூட்டை பிறந்தது. உள்ளே ‘எண்ணெய்’. சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தாள். உப்புக்காக என்னோடு ஒரு அருமையான சண்டையும் போட்டாள்.

அந்த ‘எண்ணை’ ஒன்றுதான் நான் நிஜமாகவே செய்த பிழை.

நாளைய கதை தயார். கஷ்டமான பிழையாக ஒன்று வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், பாவம், இன்று போராடிக் களைத்திருப்பாள்.

‘கயிரு’ என்று போட்டு வைத்திருக்கிறேன்.