முதல் மடக்கு

"முதல்ல நீ குடி," என்றான் நாகையா.

பவுனம்மாள் தம்ளரை எடுத்தாள். மூன்று வாரமாக இந்த வீட்டில் இதே கூத்துதான். இருதயம் தாறுமாறாக அடிப்பது நாகையாவுக்கு. அதற்கான சொட்டுமருந்தைத் தண்ணீரில் கலந்து, காலையிலும் மாலையிலும் பாதியை விழுங்குவது அவன் பெண்டாட்டி.

அவனையும் ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. பதினோரு வருஷமாகக் கோலாலம்பூர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கு வேலை தவளைகளோடு. மல்லாத்தி, நெஞ்சைத் திறந்து, வெள்ளைக்காரத் துரை தரும் விஷத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, துடிப்பை எண்ணிச் சொல்ல வேண்டும். காட்டுவாசிகள் அம்புமுனையில் தடவும் ஈப்போ மரப்பால், அரளிவிதைச் சாறு, நாகப்பாம்பின் விஷம் எல்லாம் அவன் கைபட்டுத்தான் போகும்.

எது எத்தனை சொட்டில் நெஞ்சை நிறுத்தும் என்பது அவனுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் ஒரு பழுப்புச் சீசா வந்தால் அவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

அதுவும் அந்தச் சீசாவை ஆஸ்பத்திரியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கொண்டு வருபவள் பவுனம்மாள். மருந்து கலக்கிக் கொடுக்கும் டிரெஸர் வேலாயுதம் அவளுடைய ஊர்க்காரன். போனால் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்களாம். அவளே வாய்விட்டுச் சொன்னாள். இதற்கு மேல் சாட்சி எதற்கு என்பது நாகையாவின் கட்சி.

போதாததற்கு வேலாயுதம் பத்துச் சொட்டைப் பதினைந்தாக்கினான். போன வாரம் பதினைந்தை இருபத்தைந்தாக்கினான். நாகையாவின் நாடி இன்னும் அடங்கவில்லையாம், டாக்டர் கூட்டச் சொன்னாராம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் எதையும் முதலில் ஒரு நல்ல தவளைக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் நல்ல உடம்பு என்றால் அது பவுனம்மாளுடையதுதான். முப்பது வயசுக்குள் காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. முதல் மடக்கு அவளுக்கு என்று அவன் வைத்த சட்டம் இப்படி வந்தது.

ஆனால் அவள் தன்னைவிடக் கெட்டிக்காரி என்று இந்த வாரம்தான் அவனுக்கு உறைத்தது.

குடித்த கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் போய் வாந்தி எடுக்கிறாள். உள்ளே போன விஷத்தைத் தங்கவிடாமல் கக்கிவிடுகிறாள் என்று அவன் கண்டுபிடித்தான். சோற்றைத் தொடுவதே இல்லை. குற்றம் செய்த நெஞ்சுக்குச் சோறு இறங்காது. நேற்றுத் தட்டைப் பார்த்து, சோறெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றாள். பாசாங்கு என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்ற முடிவோடுதான் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தான்.

பவுனம்மாள் குடித்துவிட்டுத் தம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். கால் தானாகப் பின்கட்டுப் பக்கம் திரும்பியது.

நாகையா அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தான்.

"உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவன் மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்து முழங்கால்மேல் வைத்தான். வஞ்சகம் நினைப்பவளின் நாடி ஓட்டமாய் ஓடும். வாய் ஆயிரம் மறைக்கலாம், நாடியால் மறைக்க முடியாது. இரண்டு விரலை வைத்து அழுத்தினான்.

ஒன்றும் தட்டுப்படவில்லை.

விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருவதற்குள் ரயில் ஷெட்டில் ஒரு எஞ்சின் ஒருதரம் கூவி ஓய்ந்துவிட்டது.

ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினான். முப்பத்தெட்டு. தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு மறுபடி எண்ணினான். பதினோரு வருஷத்தில் அவன் எண்ணிக்கை ஒருதரம்கூடத் தப்பியதில்லை. முப்பத்தாறு. இரண்டு அடித்து, ஒன்றை விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி அடித்தது.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மருந்தில் யாரும் எதையும் கலக்கவில்லை. தறிகெட்டு ஓடும் இருதயத்தை இழுத்து நிறுத்தும் மருந்து, ஒழுங்காக ஓடும் இருதயத்தையும் இழுத்து நிறுத்தும். வாந்தியும், சோறு மஞ்சளாகத் தெரிந்ததும் அந்த மருந்து மிஞ்சிப்போனதன் அடையாளம். இதைத் தவளை விஷயத்தில் சொல்லத் தெரிந்தவனுக்கு வீட்டில் தெரியாமல் போயிற்று. பாதி மருந்து வேறொரு வயிற்றுக்குப் போகிறது என்று வேலாயுதத்திடம் அவன் மூச்சுவிடவில்லை. அதனால்தான் நாகையாவின் நாடி அடங்கவில்லை. அதனால்தான் சொட்டு கூடியது. கூடக் கூட அதிலும் பாதி இவளுக்குப் போனது.

பவுனம்மாள் தன் கையைப் பிடித்திருந்த அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீசா வந்த நாளிலிருந்து அவன் அவளைத் தொட்டதில்லை. வெளுத்த முகத்தில் சந்தோஷம் வந்தது.

"உங்க பயம் போகணுமேன்னு நான் எப்பவும் பாதிக்கு மேலயே ஒரு மடக்கு குடிச்சிட்டுத்தாங்க குடுப்பேன்," என்றாள். "இன்னிக்காவது நம்பிக்கை வந்துச்சா?"

நாகையா விரலை எடுக்கவில்லை. அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தான்.