போலீஸ் பேசுறேன்

குவைத்துல ஒரு பெரிய வீட்டு அடுப்படியில வேலைக்காரி தில்மாயா கோழிச்சோறு கிளறிட்டிருந்தப்ப போன் வந்துச்சு.

"போலீஸ் கேப்டன் பேசுறேன். நேபாளம்தானே நீ? உன் அடையாள அட்டைய முடக்கியாச்சு. இப்ப உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொல்லு. சொல்லலேன்னா நாடு கடத்திருவோம்."

அவ அடுப்பை அணைச்சா. "இன்னிக்கேவா சார்?"

"இன்னிக்கேதான். வேன் கிளம்பிருச்சு."

"பிளேனுக்குக் காசு நான் கட்டணுமா?"

"அதெல்லாம் அரசாங்கம் பாத்துக்கும். நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"சொல்லு."

"மாட்டேன் சார்."



"ஏம்மா, புரியலையா? ஊருக்கு அனுப்பிருவோம்."

"புரிஞ்சுதான் சார் சொல்ல மாட்டேங்கிறேன். போன வருஷமே வேலை ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு, மேடம் ஊருக்கு விட மாட்டேங்கிறாங்க. வேனை வீட்டுப் பச்சை கேட் பக்கத்துல நிறுத்தச் சொல்லுங்க. நான் பெட்டியக் கட்டிடுறேன்."

அவன் போனை வச்சுட்டான். அவ விடல. துணிய அடுக்கிக்கிட்டே அதே நம்பருக்குத் திரும்பத் திரும்ப அடிச்சா. கடைசியில எடுத்தான்.

"அக்கா, என்னை விட்டுருங்கக்கா."

"எப்ப சார் வருவீங்க? பாஸ்போர்ட் மேடம் பீரோவுல இருக்கு. நீங்க வந்து கேட்டாத்தான் தருவாங்க."

அவன் குரலைத் தாழ்த்திக்கிட்டான். "என் பாஸ்போர்ட்டும் இங்க முதலாளி பீரோவுலதான்க்கா இருக்கு."

தில்மாயா கட்டின பெட்டி மேலயே உக்காந்துட்டா.

"போலீஸ்கிட்டயே பிடுங்கிட்டாங்களா சார்?"