ஒரே ஒரு சுத்து விடுங்க அண்ணே

ஹைட்ரஜனில் ஓடும் பஸ் ஒன்று இருந்தது. அதற்கு மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தில், வாயு கசியாமலிருக்க இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு ரப்பர் வளையத்தை வைத்து, போல்ட்டால் இறுக்கியிருந்தார்கள்.

வளையத்துக்கு வாய் ஓயாது. "போல்ட் அண்ணே, என்னை இப்படிப் போட்டு நசுக்குறீங்களே, நியாயமா? ஒரே ஒரு சுத்து விட்டுப் பாருங்க. எகிறுற எகிறுல இந்தத் தகட்டையே தூக்கி எறிஞ்சிருவேன்!"

போல்ட்டுக்கு உள்ளூர உதறல். ரப்பராச்சே, செய்தாலும் செய்வான். அவன் எகிறினால் வாயு வெளியேறும், பஸ் நடுரோட்டில் நிற்கும், பழி தன் தலையில் விழும். கலத்தின் சூட்டிலும் அமில ஆவியிலும் எட்டு வருஷம், போல்ட் இம்மிகூடத் தளராமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

ஒருநாள் பணிமனையில் மெக்கானிக் ஜெபராணி ஸ்பேனரோடு வந்தாள்.

"வேணாம்மா! பயல் மூஞ்சியிலயே எகிறிடுவான்!" என்று போல்ட் அலறியது. அவளுக்குக் கேட்டால்தானே! திருகிக் கழற்றித் தட்டில் போட்டாள். மேல் தகட்டையும் தூக்கி ஓரமாக வைத்தாள்.

போல்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஒரு சத்தமும் இல்லை. மெல்ல ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது.

தலைக்கு மேலே ஒன்றுமே இல்லாமல், வளையம் அப்பளம் மாதிரி கிடந்த இடத்திலேயே தட்டையாகக் கிடந்தது.

"போல்ட் அண்ணே," என்றது வளையம், "எத்தனை வருஷமா கேக்குறேன்! ஒரே ஒரு சுத்து விட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"